மெடூசாவின் கடைசி வரி: ‘பார்’ஆ, ‘பாரேன்’ஆ?

பிரிட்டிஷ் கவிஞர் கரோல் ஆன் டஃபியின் ‘மெடூசா’ கவிதையின் (‘தி வேர்ல்ட்ஸ் வைஃப்’ தொகுப்பு, 1999) தமிழாக்கம் கடைசி வரியில் நிற்கிறது. பேசுபவள், பார்வையால் கல்லாக்கும் கிரேக்கப் புராண மெடூசாவே; பொறாமை முற்றிக் கூந்தல் பாம்புகளாகிறது. தேனீ கூழாங்கல், பூனை செங்கல், பன்றி பாறை எனக் கல் பெருக, பார்வையின் வினைச்சொல்லும் வலுக்கிறது. அதற்குக் ‘கண் ஓட்டினேன், பார்த்தேன், வெறித்தேன்’ நன்றாகவே பொருந்துகிறது.

சிக்கல், காதலனிடம் அவள் சொல்லும் கடைசி வரியான ‘லுக் அட் மீ நௌ’ மட்டும்தான். அது கொல்லும் கட்டளை. ‘என் கோலத்தைப் பார்’ என்ற புலம்பலும் அதுவே.

முயன்றவை: ‘இப்போது என்னைப் பார்’ வெறும் மிரட்டல். ‘என்னைப் பாரேன்’ வெறும் கெஞ்சல். ‘பாருங்கள்’ என்றால் காதலன் அந்நியனாகிவிடுகிறான். ‘பாரடா’ தெருச்சண்டைக் குரல்; அழகாக, இளமையாக இருந்தேனே என்று சற்றுமுன் ஏங்கியவள் அதில் காணாமல் போகிறாள்.

அச்சமும் ஏக்கமும் ஒரே மூச்சில் ஒலிக்க, எந்த வினைமுடிவைப் போடலாம்?