இன்ஜின் பின்னால் நின்ற மேப்புக்கு நான் போட்ட மார்க்

நாயுடுபுரம், கொடைக்கானல்

ரோல் பிளேயிங் கேம் (ஒரு கதாபாத்திரமாக இருந்து ஆடும் கேம்) மேப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்கள் கதையை எழுதுங்கள். என் கதையில் பெருமைப்பட ஒன்றும் இல்லை, அதனால் நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

போட்டி ஒன்றும் பெரிய அளவில் நடந்ததில்லை. ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற கேம் செய்யும் மென்பொருளில் பொழுதுபோக்காக கேம் செய்யும் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்தியது. தலைப்பு ‘மலையூர்’. ஒரே ஒரு மேப் செய்து அனுப்ப வேண்டும். நீளம் அகலம் இரண்டும் 60 கட்டத்தைத் தாண்டக் கூடாது. கொடுத்த டைல்செட்டை (கட்டம் கட்டமாக வைக்கும் சின்னப் படங்களின் தொகுப்பு) மட்டும்தான் பயன்படுத்தலாம், வெளியிலிருந்து படம் கொண்டுவந்து ஒட்டினால் தள்ளுபடி. வந்தது 23 மேப். யார் அனுப்பியது என்று எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். நடுவர்கள் மூன்று பேர், ஆளுக்கு 50 மார்க். நடந்து பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்கு 20, அழகுக்கு 10, ஊருக்கு ஒரு கதை இருக்கிறதா என்பதற்கு 10, தப்பில்லாமல் இருப்பதற்கு 10.

என்னுடையது ஜெராக்ஸ் கடை. ஜூலையில் சீசன் கூட்டம் போய்விடும், நாலு மணிக்கெல்லாம் மேகம் இறங்கி எதிர்க் கடையே தெரியாது. கடையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன்.

எம்வி தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். அதில் ஒரு கட்டம் 48 பிக்சல். விளையாடுகிறவன் திரையில் ஒரே நேரத்தில் 17க்கு 13 கட்டம்தான் தெரியும். ஆனால் வரைகிறவன் எடிட்டரில் 60 கட்டத்தையும் சுருக்கி ஒரே படமாகப் பார்த்துக்கொண்டு வரைகிறான். பாதிப் பேர் விழுவது இந்த இடத்தில்தான். மேலிருந்து பார்த்தால் காலண்டர் படம் மாதிரி இருக்கும். உள்ளே இறங்கி நடந்தால் அரை நிமிடம் வெறும் புல், அப்புறம் ஒரு மரம், மறுபடி புல். இன்னொரு கூட்டம் பாறைச் சுவரில் கோட்டை விடும். இடது பக்கம் இரண்டு கட்ட உயரம், வலது பக்கம் மூன்று கட்டம். இரண்டு படி ஏறி மூன்று படி இறங்கினால் கிளம்பிய அதே தரையில் வந்து நிற்போம். மலையில் இருக்கிறவனுக்கு இதைப் பார்த்தால் எரிச்சல் வரும். இப்படிப்பட்டவற்றுக்குத் தாராளமாக மார்க்கைக் குறைத்தேன், அதில் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை.

அப்புறம் 14ஆம் எண் வந்தது.

காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். ஓட்டுக்கூரை, ஒரு டீக்கடை, தண்ணீர்த் தொட்டி, நாலு குரங்கு. கொடுத்த டைல்செட்டில் தண்டவாளம் கிடையாது. இந்த ஆள் ஏணி டைலை அடுக்கித் தண்டவாளம் போட்டிருந்தார். ஏணியின் குறுக்குச் சட்டம் ஸ்லீப்பர் கட்டை மாதிரியே இருந்தது. அந்த யோசனைக்கே எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது. பீப்பாயை வரிசையாக வைத்து மேலே புகைபோக்கியைச் செருகியதுதான் இன்ஜின். பாறை நடுவே கோடு கிழித்த மாதிரி ஒரு அருவி விழுந்தது. கீழே குளம் இல்லை, ஓடை இல்லை, நேராக மண்ணுக்குள் போய்விட்டது. மழைக்கு மட்டும் வரும் அருவி, ஊற்றாக எங்கோ வெளியே வரும் என்று சொல்லாமல் சொல்கிறாரே என்று வியந்து கதைக்கு 10க்கு 10 போட்டேன்.

தப்புக் கணக்கில்தான் மாட்டினார். என் குறிப்பு இப்படி இருந்தது: ‘ஒன்று, இரண்டு ஏணிக்கு நடுவே நீளமாக வேலி டைல், தெரியாமல் வைத்தது. இரண்டு, ரயில் மேலே போகிறது, இன்ஜின் கடைசியில் நிற்கிறது, பெட்டி வரிசை தலைகீழ். மூன்று, முதல் பெட்டிக்கு வெளியே ஒருவர் பச்சைக் கொடியோடு தொங்குகிறார், உள்ளே வைக்க வேண்டிய ஈவென்ட் (பேசினால், தொட்டால் ஏதாவது நடக்கும்படி மேப்பில் வைக்கும் ஆள் அல்லது பொருள்) ஒரு கட்டம் தள்ளி விழுந்துவிட்டது.’ ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். ஆக மொத்தம் ஆறு. அந்த மேப் நாலாவது இடத்துக்கு வந்தது. மூன்றாவது இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் நாலு மார்க்.

எங்கள் மலையில் ரயில் கிடையாது. கொடைக்கானல் ரோடு என்று ஒரு ஸ்டேஷன் உண்டு, அது அடிவாரத்தையும் தாண்டி சமவெளியில் இருக்கிறது. பழனி மலையில் பிறந்து வளர்ந்தவன் நீலகிரிக்குப் போக ஏன் ஆசைப்படப் போகிறான்? இங்கே இல்லாத குளிரா அங்கே இருக்கிறது? இப்படித்தான் நாற்பது வயது வரை இருந்தேன். டிசம்பரில் அக்கா மகள் ஊட்டி ரயிலில் போயே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தாள். டிக்கெட் எடுத்து, முந்தின நாளே பழனி, உடுமலை, பொள்ளாச்சி, கோவை என்று மாறி மாறிப் போய் மேட்டுப்பாளையத்தில் தங்கி, காலை 7.10 வண்டிக்கு பிளாட்பாரத்தில் நின்றோம்.

“மாமா, இன்ஜின் எங்க?” என்றாள். முன்னால் போய்ப் பார்த்தோம். இல்லை. ரயிலின் வாலில் நீராவி விட்டுக்கொண்டு நின்றது.

பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் முழியைப் பார்த்து விளக்கினார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம். இன்ஜின் முன்னால் நின்று இழுத்து, நடுவில் கொக்கி விட்டுப்போனால் பெட்டிகள் பின்னோக்கி உருண்டு போய்விடும். அதனால் பின்னால் நின்று தள்ளும். டிரைவருக்கு முன்பக்கம் தெரியாது, ஆகவே பெட்டியின் முகப்பில் வெளியே ஆள் நின்று கொடி காட்டுவார். ஏற்றத்தில் வழுக்காமல் இருக்க இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும், இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கடித்துக் கடித்து ஏறும். குன்னூர் வரை 1899லிருந்து இப்படித்தானாம்.

வேலி டைல். கொடிக்காரர். கடைசியில் இன்ஜின். மூன்றுக்கும் ஒரே பிளாட்பாரத்தில் விளக்கம் கிடைத்துவிட்டது. வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றபோது அக்கா மகள் குரங்கைப் பார்த்தாள். நான் இறங்கவே இல்லை. அந்த ஸ்டேஷனில்தான் நான் ஏற்கனவே ஜூலையில் கடையில் உட்கார்ந்தபடி நடந்திருக்கிறேனே.

கூடலூர்

அண்ணா, நீங்கள் நடந்தாவது பார்த்தீர்கள். நான் சுவருக்குள் புகுந்து போனவன்.

டெஸ்ட் ஓட்டும்போது கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடித்தால் மரம், சுவர், ஆள் எதுவும் தடுக்காது என்பது எம்வி தெரிந்த எல்லோருக்கும் தெரியும். போன வருடம் எனக்கு 11 மேப் வந்தது. ஜூன் மழை, எங்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. கடைசி நாள் லேப்டாப்பில் மிச்சம் இருந்தது ஒரு மணி நேர சார்ஜ். கன்ட்ரோலைப் பிடித்தபடி ஊருக்கு ஊர் நேர்கோட்டில் போய்க்கொண்டே இருந்தேன்.

அதில் ஒன்று தேயிலைத் தோட்டம். லைன் வீடுகள், வளைந்து வளைந்து போகும் மண் பாதை, பாதை நடுவே ஒரு பெரிய பூதம். அதன் உடம்புக்குள் புகுந்து அந்தப் பக்கம் போனேன். ‘இந்த ஈவென்ட் எதுவும் செய்யவில்லை’ என்று எழுதி மூன்று மார்க் குறைத்தேன். பிறகு செய்தவர் எழுதியதைப் படித்தால் அது பூதம் இல்லை, யானை. டைல்செட்டில் யானை இல்லாததால் பூதத்தை வைத்திருக்கிறார். அது வழிவிடாது. திரும்பி வந்து, டீக்கடையில் பேசி, தொழிற்சாலைப் பக்கமாகச் சுற்றி வந்தால் அதற்குள் யானை போயிருக்கும். அந்தச் சுற்றில்தான் மொத்தக் கதையும் இருந்தது. கூடலூர்க்காரனாக இருந்துகொண்டு, ரோட்டில் யானை நின்றால் என்ன செய்வது என்று இன்னொருவர் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று.

இப்போதெல்லாம் நடுவராக உட்கார்ந்தால் கன்ட்ரோல் கீ மேல் ஒரு பேனா மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன்.

கோத்தகிரி

கம்ப்யூட்டர் கேம் எனக்கு ஒத்துவராது. நாங்கள் ஆடுவது மேசையில், காகிதமும் பகடையும் வைத்து. 1974ல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம் வந்த நாளிலிருந்தே வெளிநிலத்துக்கு ஆறுகோணக் கட்டம் போட்ட மேப்பைப் பயன்படுத்துவது வழக்கம். ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போக இவ்வளவு நேரம் என்று கணக்கு இருக்கும்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தோம், ஒன்பதாவது பத்தாவது படிக்கிற பிள்ளைகள். ஒரு பெண் கொண்டுவந்த மேப்பில் இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில். நடுவே தடியாகக் கறுப்புக் கோடு. மேல் கட்டத்தில் ‘கண்ணால் பார்க்கலாம்’ என்று எழுதியிருந்தது. கீழ்க் கட்டத்தில் ‘இரண்டு நாள், பரிசல் வேண்டும்’. என்னோடு இருந்த நடுவர் ஈரோட்டுக்காரர். ‘அடுத்தடுத்த கட்டத்துக்கு இரண்டு நாளா? கணக்கே புரியவில்லை’ என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோடநாடு காட்சிமுனையில் நின்று கீழே பாருங்கள், மாயாறும் தெங்குமரஹடாவும் உள்ளங்கையில் வைத்த மாதிரி தெரியும். அந்த ஊரும் எங்கள் கோத்தகிரி தாலுகாதான். ஆனால் போக வேண்டும் என்றால் மலையை விட்டு இறங்கி, பவானிசாகர் போய், காட்டுக்குள் போகிற பஸ்ஸில் ஏறி, மாயாற்றைக் கடக்க வேண்டும். தாலுகா ஆபீஸில் ஒரு கையெழுத்து வாங்க அந்த ஊர்க்காரர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். அந்தப் பெண் பூதமும் வைக்கவில்லை, புதையலும் வைக்கவில்லை. ஒரு கோடு போட்டாள், அவ்வளவுதான்.

முதல் பரிசு அவளுக்குத்தான் கொடுத்தோம். ஈரோட்டு நண்பரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு வேறு கதை. கடைசியில் அவரைக் கோடநாட்டுக்கே கூட்டிக்கொண்டு போனேன். போன நேரம் பார்த்து மேகம் மூடி ஒன்றுமே தெரியவில்லை.

குன்னூர்

நான் அந்த ரயில் சத்தத்திலேயே வளர்ந்தவள். ஆனாலும் நாயுடுபுரம் அண்ணா பக்கம்தான் பேசப் போகிறேன். எல்லோரும் சேர்ந்து அவரைக் குற்றவாளியாக்க வேண்டாம்.

மேப் என்பது அந்த ஊர்க்காரனுக்காக மட்டும் வரைவதில்லை. விளையாடுகிறவன் விருதுநகரில் இருப்பான், சிங்கப்பூரில் இருப்பான். இன்ஜின் கடைசியில் நின்றால் அவனும் தப்பு என்றுதான் நினைப்பான். கொடிக்காரரிடம் போய்ப் பேசினால் “டிரைவருக்கு முன்னாடி தெரியாதுல்ல, அதான் நான் நிக்கிறேன்” என்று ஒரு வரி வைத்திருந்தால் போதும், மூன்று சந்தேகமும் தீர்ந்திருக்கும். அண்ணா, அவரிடம் பேசிப் பார்த்தீர்களா, இல்லை பார்த்ததோடு சரியா? வரி இருந்தும் நீங்கள் பேசாமல் விட்டிருந்தால் தப்பு உங்கள் மேல். வரியே இல்லை என்றால் குறைத்தது நியாயம்தான். ஆறு மார்க் அதிகம், இரண்டு குறைத்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் இதுவரை மூன்று போட்டியில் நடுவராக இருந்திருக்கிறேன். ‘மலை’ என்றதும் எல்லோரும் மேப் முழுக்க ஊசியிலை மரத்தை நட்டுவிடுகிறார்கள். ஜப்பான்காரர்கள் செய்த மென்பொருள், அதில் வரும் மரம் அப்படி இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நம்மூர் ஆட்களும் ஏன் அப்படியே போடுகிறார்கள்? இங்கே இருக்கும் பைனும் தைலமரமும் சீகையும் நட்டு வந்தவை. நம் மலையின் பழைய முகம் வேறு. மேடெல்லாம் மொட்டையாகப் புல், மடிப்பில் மட்டும் நீர் ஓடும் இடத்தில் கறுத்துக் குறுகிய சோலை. சோலைக்காடு எப்போதும் பள்ளத்தில்தான் ஒளிந்திருக்கும். கேமுக்கு இதைவிட நல்ல அமைப்பு கிடைக்குமா? மேட்டில் நடக்கும்போது தூரம் வரை தெரியும், ஒளிய இடம் இல்லை. பள்ளத்தில் இறங்கினால் தண்ணீரும் உண்டு, ஆபத்தும் உண்டு. எதிரியை எங்கே வைப்பது என்று மண்ணே சொல்லிவிடும். 40 மேப்புக்கு மேல் பார்த்துவிட்டேன், இப்படி ஒன்றுகூட வரவில்லை. யாராவது போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு 50 தருகிறேன். அதுவும் தப்புதான், பரவாயில்லை.

சரி, அந்த 14ஆம் எண்காரரிடம் விஷயத்தைச் சொன்னீர்களா, இல்லையா?

நாயுடுபுரம், கொடைக்கானல்

குன்னூர் தங்கச்சிக்கு. ஊருக்கு வந்ததும் பழைய ஃபைலைத் திறந்து கொடிக்காரரிடம் பேசிப் பார்த்தேன். நீங்கள் எழுதிய வரி அப்படியே இல்லை, ஆனால் “முன்னாடி நான்தான் கண்ணு” என்று ஒரு வரி இருந்தது. அதைப் படிக்காமல்தான் மார்க்கைக் குறைத்திருக்கிறேன்.

நடத்தியவர்களிடம் சொன்னேன். முடிவு அறிவித்து அஞ்சு மாசம் ஆச்சு, இனி மாற்ற முடியாது என்றார்கள். அதுவும் சரிதான். எண்ணுக்குரியவருக்குக் கடிதத்தை அனுப்பிவைக்கச் சொல்லி நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. நாலே வரி.

“பரவாயில்லை சார். ஆறு மார்க் கூடியிருந்தாலும் எனக்குப் பரிசு வந்திருக்கக் கூடாது. நீங்கள் கதைக்கு முழு மார்க் போட்ட அந்த அருவி, அனுப்புகிற அவசரத்தில் பாறை டைலுக்குப் பதில் தவறி கிளிக் பண்ணியது. அனுப்பிய பிறகுதான் பார்த்தேன்.”