மெயில் பெட்டியே நிறுவனத்தின் ஆவணக் காப்பகமாக இருந்தால் போதுமா?

கேள்வி (பின்னலாடை ஏற்றுமதி, திருப்பூர்):
வணக்கம். எங்களுடையது ஒரு கூட்டாண்மை நிறுவனம். பையர் அனுப்பும் பர்சேஸ் ஆர்டர், லேப் டிப் (சாயமிட்ட துணி மாதிரி) ஒப்புதல், விலைத் திருத்தம், நூல் வாங்கிய பில் என அனைத்தும் மெர்ச்சண்டைசர்களின் (ஆர்டர்களைக் கவனிக்கும் ஊழியர்களின்) இலவச ஜிமெயில் கணக்குகளில்தான் இருக்கின்றன. "தேடினால் உடனே கிடைக்கிறதே, தனியாக எதற்குச் சேமிக்க வேண்டும்?" என்கிறார் என் பங்குதாரர். அடுத்த மாதம் ஒரு மெர்ச்சண்டைசர் விலகுகிறார். இதில் உண்மையான ஆபத்து எது என்று விளக்க முடியுமா?

பதில் 1 (ஆடிட்டர், கோவை):
ஆவணம் நிறுவனத்துடையது, கணக்கோ விலகிப் போகிறவருடையது, சிக்கலே அங்குதான். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஆண்டு அறிக்கை தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் முடியும்வரை கணக்கேடுகளையும் அவை சார்ந்த ஆவணங்களையும் பாதுகாக்க வேண்டும். 2023-24ஆம் நிதியாண்டுக்கு அந்தத் தேதி 31.12.2024 என்பதால், அந்த ஆண்டின் பில்கள் 2030 டிசம்பர் இறுதிவரை கைவசம் இருந்தாக வேண்டும். மேல்முறையீடு நடந்தால் இன்னும் நீளலாம். அத்தனை காலம் ஒரே கம்பெனியில் நீடிக்கும் மெர்ச்சண்டைசரைத் திருப்பூரில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

பதில் 2 (கணினி நிர்வாகி):
ஆள் விலகாவிட்டாலும் ஆபத்து உண்டு. இலவசக் கணக்கின் 15 ஜிபி, மெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொதுவானது. அது நிரம்பினால் புது மெயில் வராது. உடனே யாராவது பெரிய இணைப்புள்ள பழைய மெயில்களாகப் பார்த்து அழிப்பார்கள், அவை பெரும்பாலும் ஆர்ட்வொர்க்கும் (அச்சு வடிவமைப்பு) டெக் பேக்கும்தான் (ஆடையின் அளவு, தையல் விவரக் கோப்பு). குப்பைத் தொட்டிக்குப் போனவை 30 நாளில் நிரந்தரமாக நீங்கிவிடும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் கணக்கையே கூகுள் நீக்கக்கூடும். இதைவிட எனக்குக் கவலை தருவது லிங்க். ஜிமெயிலிலிருந்து 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை இணைப்பாக அனுப்ப முடியாது, டிரைவ் லிங்க்காகத்தான் போகும். அனுப்பியவர் அனுமதியை நீக்கிவிட்டால், உங்களிடம் மெயில் இருக்கும், கோப்பு இருக்காது.

பதில் 3 (வழக்கறிஞர்):
பையர் "இந்த ஷேடுக்கு நாங்கள் ஒப்புதல் தரவில்லை" என்று மறுத்தால் அந்த மெயில்தான் உங்கள் சான்று. 1.7.2024 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆவணத்தின் நகலைத் தாக்கல் செய்யும்போது ஹேஷ் மதிப்புடன் (கோப்பு மாற்றப்படவில்லை எனக் காட்டும் கணினிக் குறியீடு) கூடிய சான்றிதழும் வேண்டும். அதில் அந்தச் சாதனத்துக்குப் பொறுப்பானவர் ஒருபுறமும் வல்லுநர் மறுபுறமும் கையொப்பமிட வேண்டும். போட்டி நிறுவனத்தில் சேர்ந்துவிட்டவர் உங்களுக்காகக் கையொப்பமிட வருவாரா? அவசரத்தில் எல்லாவற்றையும் உங்களுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்வதும் பலன் தராது; அப்படிச் செய்தால் மூல மெயிலின் தலைப்பு விவரங்கள் (எந்த சர்வர் வழியாக, எப்போது வந்தது என்ற பதிவு) கூடவே வருவதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் அவர் விலகுவதற்குள் என்ன செய்ய வேண்டும்? சொந்த மெயில்களும் அதே கணக்கில் இருப்பதால் தயங்குகிறார்.

பதில் 2 (மீண்டும்):
அவர் தயங்குவது நியாயமே. நிறுவன மெயில்களுக்கு மட்டும் அவரே ஒரு லேபிள் இட்டு, கூகுள் டேக்அவுட்டில் (கணக்கிலுள்ள தரவை நகலெடுத்துத் தரும் கூகுள் சேவை) அந்த லேபிளை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கித் தரட்டும். நடப்பு ஆர்டர்களின் ஒப்புதல் மெயில்களைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் "டவுன்லோட் மெசேஜ்" கொடுத்தால் இஎம்எல் கோப்பாக (முழு மெயிலையும் அப்படியே சேமிக்கும் வடிவம்) இறங்கும். மூல விவரங்கள் அப்படியே இருக்கும். இணைப்புகளை ஆர்டர் எண்வாரியாக அலுவலக சர்வரில் போட்டு, வேறோர் இடத்திலும் ஒரு நகல் வையுங்கள். டிரைவ் லிங்க்குகளில் உள்ள கோப்புகளை முதலில் இறக்கிவிடுங்கள். அடுத்து வருபவருக்கு நிறுவன டொமைனிலேயே (நிறுவனத்தின் சொந்த இணையப் பெயரில்) மெயில் முகவரி கொடுங்கள்.