வாஷிங் மெஷின் ஹோஸ் வெடிச்சு சீலிங் ஒழுகுது: இன்ஷூரன்ஸ் கிளெய்ம் போடலாமா, கைக்காசா?

மாடிவீட்டுக்காரி:
ஒஹையோவில் சொந்த வீடு. ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருந்த நேரம் மாடியில் வாஷிங் மெஷினுக்குத் தண்ணி வர்ற ஹோஸ் வெடிச்சு, கிச்சன் சீலிங் வழியா கீழே கொட்டிடுச்சு. மெயின் வால்வை மூடி, ஃபேன், டீஹ்யூமிடிஃபையர் எல்லாம் ஓட விட்டிருக்கோம். கான்ட்ராக்டர் வந்து பார்த்துட்டு சீலிங் ட்ரைவால் (ஜிப்சம் பலகை), பெயிண்ட், கிச்சன் மரத்தரையில் கொஞ்சம் பலகைன்னு 4,200 டாலர் சொன்னார். எங்க டிடக்டிபிள், அதாவது கிளெய்ம்ல நாங்க கையிலிருந்து போட வேண்டிய பங்கு, 2,500. இதுவரை கிளெய்ம் போட்டதே இல்லை. 1,700 டாலருக்காகப் போடலாமா? வீட்டுக்காரர் போடுங்கிறார், எனக்குத் தயக்கமா இருக்கு. இன்னும் ரெண்டு, மூணு வருஷத்தில் வீட்டை விற்கிற யோசனையும் இருக்கு.

கணக்குப்பிள்ளை:
போடாதீர்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். நீங்கள் போடும் ஒவ்வொரு கிளெய்மும் லெக்ஸிஸ்நெக்ஸிஸ் என்ற தகவல் நிறுவனம் வைத்திருக்கும் 'க்ளூ' என்ற கிளெய்ம் வரலாற்று அறிக்கையில் ஏறி, 7 வருடம் வரை அங்கேயே இருக்கும். கிளெய்மே போடாதவர்களுக்குத் தரும் தள்ளுபடி முதலில் போகும். பிரீமியம் வருடத்துக்கு 300 டாலர் ஏறினால் ஆறு வருடத்துக்குள் உங்கள் 1,700 கரைந்துவிடும். அடுத்து வேறொரு குழாய் உடைந்தால் என்ன செய்வீர்கள்? அடுத்தடுத்து இரண்டு தண்ணீர் கிளெய்ம் போட்டால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வருவது சாதாரணம். இன்ஷூரன்ஸ் என்பது வீடே எரிந்தால் எழுந்து நிற்பதற்கு.

நீலக்கதவு:
அப்போ இத்தனை வருஷம் பிரீமியம் கட்டினது எதுக்கு சார்? வீடு எரிஞ்சாத்தான் தொடணும்னா அதை பாலிசியிலேயே எழுதியிருப்பாங்களே. ஹோஸ் திடீர்னு வெடிச்சது. 'திடீர், தற்செயல்' சேதம்னு இவங்க எழுதி வச்சிருக்கிறதுக்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. மாசக்கணக்கா கசிஞ்சிருந்தா 'பராமரிப்புக் குறை'ன்னு தள்ளிடுவாங்க, வெள்ளம்னா அதுக்குத் தனி பாலிசி கேப்பாங்க. இது ரெண்டும் இல்லை. நியாயமா வர்ற பணத்தைப் பயந்துகிட்டு விடுறதா?

பழைய அட்ஜஸ்டர்:
ரெண்டு பேரும் 1,700-ஐ வச்சுத்தான் சண்டை போடுறீங்க. அந்த 4,200 எங்கிருந்து வந்துச்சு? கான்ட்ராக்டர் கண்ணால பார்த்துச் சொன்ன தொகை. தங்கச்சி, அவர் ஈரம் அளக்கிற மாய்ஸ்சர் மீட்டர் வச்சுப் பார்த்தாரா?

மாடியிலிருந்து இறங்குற தண்ணி நேரா ஒரே இடத்தில் விழாது. சீலிங்குக்கு மேல ஜாய்ஸ்ட் (தாங்குற விட்டம்) வழியா ஓடும், இன்சுலேஷன் இருந்தா அதில் ஊறும், சுவருக்குள்ள இறங்கிக் கீழே நிக்கும். மரத்தரை அதைவிட மோசம். மேல துடைச்சா காஞ்ச மாதிரி இருக்கும், பலகைக்கு அடியில் இருக்கிற தளம், சப்ஃப்ளோர், ஈரமாவே கிடக்கும். பலகையோட ஓரம் தூக்கிக்கிட்டு நடு பள்ளமாகிறது பல நாள் கழிச்சுத்தான் தெரியும்.

இன்னொண்ணு, அந்தக் கிச்சன் தரை ஹால் வரைக்கும் இடையில் பட்டை இல்லாம ஒரே தொடர்ச்சியா? அப்படின்னா பத்துப் பலகையை மட்டும் மாத்தினா பழைய தரையோட நிறம் சேராது. மொத்தத்தையும் தேய்ச்சு மறுபடி பாலிஷ் பண்ண வேண்டியிருக்கும். சின்ன கிளெய்ம் பெரிசாகிறது பாதி நேரம் இந்த இடத்தில்தான்.

ஈரம் இருந்தா 24–48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும்னு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை இபிஏவே சொல்லுது. பல பாலிசியில் பூஞ்சைக்குத் தனி உச்சவரம்பு, 5,000 இல்லன்னா 10,000 டாலரோட நின்னுடும். முதல்ல அளந்து பாருங்க, அப்புறம் கணக்குப் போடலாம்.

கணக்குப்பிள்ளை:
அட்ஜஸ்டராக, அதாவது கிளெய்முக்காகச் சேதத்தை மதிப்பிடுபவராக, இருந்தவர் கிளெய்ம் போடாதே என்று சொல்லி நான் இன்னும் கேட்டதில்லை. அளக்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் அதுவரை ஏஜென்டைக் கூப்பிட்டு "போட்டால் என்ன ஆகும்" என்று விசாரிக்காதீர்கள். அந்த ஃபோனையே சில கம்பெனிகள் கிளெய்மாகப் பதிந்துவிடும். பணம் ஒரு பைசா தராமல் மூடிய கிளெய்மும் அந்த அறிக்கையில் தெரியும்.

பழைய அட்ஜஸ்டர்:
பொதுவா டிடக்டிபிள் எவ்வளவு, எது கவர் ஆகும்னு கேக்கிறது கிளெய்ம் ஆகாது. நடந்த சேதத்தைத் தேதியோட சொல்றதுதான் சிக்கல். ஆனா ரொம்ப நாள் வாயை மூடிக்கிட்டும் இருக்க முடியாது, சேதத்தை உடனே தெரிவிக்கணும்னு பாலிசியிலேயே நிபந்தனை இருக்கு. எல்லாத்தையும் பிரிச்சு ரிப்பேர் பண்ணிட்டு அப்புறமா கிளெய்ம் போட்டா, பார்க்கிறதுக்கு அட்ஜஸ்டருக்கு என்ன மிச்சம் இருக்கும்? போட்டோ, வீடியோ எடுத்து வைங்க. வெடிச்ச ஹோஸைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஹோஸுக்கு இன்ஷூரன்ஸ் காசு தராதுதான், ஆனா தயாரிப்புக் குறைன்னு தெரிஞ்சா இன்ஷூரன்ஸ் கம்பெனி ஹோஸைச் செஞ்சவன்கிட்ட வசூல் பண்ணும். அப்போ உங்க டிடக்டிபிள்கூடத் திரும்பி வரலாம்.

புதுவீடு:
குறுக்கே கேக்கிறேன், மன்னிக்கணும். கைக்காசு போட்டா டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்தானே?

நீலக்கதவு:
முடியாது. 2018-லிருந்து அரசு பேரிடர்னு அறிவிச்ச சேதத்துக்குத்தான் அந்தக் கழிவு. ஹோஸ் வெடிச்சதுக்கெல்லாம் கிடையாது.

மாடிவீட்டுக்காரி:
மீட்டரோட வேற ஒருத்தர் வந்துட்டுப் போனார். சீலிங் ஏறக்குறைய காஞ்சிடுச்சு. ஃப்ரிட்ஜ் பக்கம் தரைக்கு அடியில் நல்ல ஈரம், பலகையை எடுத்தே ஆகணுமாம். தரை ஹால் வரைக்கும் ஒரே தொடர்ச்சிதான் அண்ணா. மொத்தமா தேய்ச்சு பாலிஷ் போட்டா 9,000-ஐத் தாண்டும்னு சொல்றார். சரி, விற்கும்போது இந்தக் கிளெய்ம் எங்களுக்குப் பாதகமா?

கணக்குப்பிள்ளை:
பாதகம்தான். க்ளூ உங்கள் பெயரோடு நிற்காது, வீட்டு முகவரியோடும் ஒட்டிக்கொள்ளும். வாங்குபவர் இன்ஷூரன்ஸ் கேட்கும்போது அந்தக் கம்பெனி அதைப் பார்க்கும். 9,000 என்றால் நானும் யோசிப்பேன், ஆனால் விற்கப் போகிறவர் என்றால் அப்போதும் தயங்குவேன்.

பழைய அட்ஜஸ்டர்:
இந்த இடத்தில் நான் ஒத்துக்க மாட்டேன். ஒஹையோவில் வீடு விற்கும்போது நிரப்புற டிஸ்க்ளோஷர் ஃபாரத்தில் குழாய், மெஷின் கசிவால தரை, சுவர், சீலிங் சேதமாச்சான்னு கேள்வி இருக்கு. கிளெய்ம் போட்டாலும் போடலைன்னாலும் அங்க உண்மையைத்தான் எழுதணும். எழுதாம விட்டா பின்னாடி வழக்கு வரும். அப்படி இருக்க, க்ளூவுக்குப் பயந்து எதை மறைக்கப் போறோம்? ஈரம் அளந்த தாள், காஞ்ச பிறகு அளந்த தாள், ரிப்பேர் பில்லு எல்லாம் கையில் இருந்தா வாங்குறவங்க பயம் பாதி குறையும்.

கணக்குப்பிள்ளை:
அந்தத் தாள்கள் கைக்காசில் செய்தாலும் கிடைக்குமே. ஃபாரம் விஷயம் சரிதான், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் பிரீமியம் ஏறுவதற்கு அது பதில் இல்லை.

நீலக்கதவு:
ரெண்டு, மூணு வருஷத்தில் விற்கிறவங்களுக்கு ஆறு வருஷப் பிரீமியக் கணக்கு எதுக்கு சார்? 6,500 டாலரை விட்டுக்கொடுத்து ரெண்டு வருஷ ஏற்றத்தைத் தவிர்க்கச் சொல்றீங்க.

மாடிவீட்டுக்காரி:
நாளைக்குக் காலையில் கிளெய்ம் போடப் போறோம். பணம் எப்படி வரும்?

பழைய அட்ஜஸ்டர்:
ரெண்டு தவணையா வர வாய்ப்பு அதிகம். முதல் செக்கில் தரையோட தேய்மானத்தைப் பிடிச்சுக்குவாங்க. புதுசா மாத்துற விலைக்கு உங்க பாலிசி இருந்தா, வேலை முடிஞ்சு பில்லு அனுப்பினதும் மீதி வரும். வீட்டுக் கடன் இருந்தா செக்கில் பேங்க் பேரும் சேர்ந்து வரும், அவங்க கையெழுத்து இல்லாம மாத்த முடியாது. அதனால பேங்குக்கும் நாளைக்கே ஒரு ஃபோன் போட்டுடுங்க.