பழைய லேத்துக்கு 200 மி.மீ. நாலு ஜா சக்: பேக் பிளேட் எப்படிப் போடுவது?

திருவொற்றியூர் பட்டறை:
வணக்கம். பழைய 6 அடி பெல்ட் லேத் (கடைசல் மெஷின்), சென்டர் உயரம் (பெட்டிலிருந்து சுழலும் மையம் வரை) 6 அங்குலம். 160 மி.மீ. மூணு ஜா சக்கும் (வேலையைத் தாடைகளால் பிடிப்பது) ஃபேஸ் பிளேட்டும் (வேலையைக் கிளாம்ப் பண்ணும் தட்டு) இருக்கு. பம்ப் பாடி, பேரிங் ஹவுசிங் வேலைகளுக்காக 200 மி.மீ. நாலு ஜா சக் வாங்கியாச்சு. சக்கை லேத்தின் சுழலும் தண்டில் (ஸ்பிண்டில்) மாட்டும் பேக் பிளேட் இல்லை. ஸ்பிண்டில் மூக்கு வெர்னியரில் 37.9 மி.மீ., அங்குலத்துக்கு 8 மரை. லிங்கிச்செட்டித் தெருவில் இந்த மரையில் ரெடியா இல்லை, வெறும் வார்ப்புதான் இருக்குன்னு சொல்றாங்க. தடிமனான எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) பிளேட்டில் நட்டை வெல்ட் வச்சு ஓட்டலாமா? மரை எவ்வளவு டைட்டா இருக்கணும்?

ராயபுரம் டர்னர்:
வெல்ட் வேண்டவே வேண்டாம். சூட்டில் பிளேட் வளையும். அதோட எஃகு மரையில் எஃகு மரை ஏறினால் ஒரு நாள் கடிச்சுப் பிடிச்சுக்கும், கழற்ற முடியாது. வார்ப்பிரும்பே வாங்குங்க.

முதலில் ஸ்பிண்டில் ஆட்டத்தைப் பாருங்க. மூக்கின் மேல் டயல் கேஜ் வச்சு, அடியில் மரக்கட்டையால் நெம்புங்க. 0.05 மி.மீ.க்கு மேல் ஏறினால் பேரிங்கைச் சரி செஞ்சுட்டு மற்றதைத் தொடுங்க.

37.9 என்பது தேய்ஞ்ச 1½ அங்குலம், அதாவது 38.1. சாதாரண 1½ விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை) அங்குலத்துக்கு 6 மரை, அதனால் அந்த டேப் உதவாது, லேத்திலேயே வெட்டணும். மரைக் கோணம் 55-ஆ 60-ஆன்னு கேஜை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க. 55 என்றால் துளை 34.2, 60 என்றால் 34.7.

மரையின் வேலை இழுத்துப் பிடிப்பது மட்டும்தான். சக்கை நேரா உட்கார வைப்பது மூக்குக்குப் பின்னால் இருக்கும் தோள். மையத்துக்குக் கொண்டுவருவது மரைக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் மரையில்லாத வளையம். மரை டைட்டா இருந்தால் பிளேட் தோள் வரைக்கும் போகாது, இல்லை கோணலா போய் நிற்கும். கையால் சுலபமா ஏறணும், லேசா ஆடினாலும் பரவாயில்லை. வளையத்துக்கு 0.02 முதல் 0.03 இடைவெளி போதும்.

வார்ப்பு உங்க மூணு ஜாவில் பிடிக்காது, ஃபேஸ் பிளேட்டில் கிளாம்ப் பண்ணுங்க. மரை வரும் கழுத்துப் பக்கம் டெயில்ஸ்டாக்கை (லேத்தின் வலது கோடியை) பார்க்கட்டும். பின்னால் ஒரே உயரத்தில் கட்டை வைங்க, டூல் துளையைத் தாண்டிப் போக இடம் வேணும். மோட்டாரைப் போடும் முன் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, கிளாம்ப் போல்ட் எங்கேயும் இடிக்கலைன்னு உறுதி பண்ணுங்க. துளை, மரை, வளையப் பள்ளம், கழுத்து முகம் நாலையும் கழற்றாமல் ஒரே பிடியில் முடிக்கணும்.

இங்கேதான் பலர் மாட்டுவாங்க. வேலை நடக்கும்போது ஸ்பிண்டில் மூக்கு ஃபேஸ் பிளேட்டுக்குள்ளே இருக்கும், மரையைப் போட்டுப் பார்க்க வழியில்லை. அதனால் மூக்கின் அளவிலேயே, வளையத்தோட சேர்த்து, ஒரு எம்.எஸ். பிளக்கை முன்னாடியே கடைஞ்சு வச்சுக்குங்க. அதை ஏற்றிப் பார்த்துப் பார்த்து வெட்டலாம்.

வார்ப்பின் மேல்தோல் கடினம், மணலும் ஒட்டியிருக்கும். முதல் வெட்டு 1.5 மி.மீ. ஆழம் போகட்டும், மேலோட்டமாச் சுரண்டினால் டூல் முனை போயிடும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலா இருந்தால் 200 மி.மீ. விட்டத்துக்கு நிமிஷத்துக்கு 30 சுற்று போதும், வேகம் குறைக்கும் பேக் கியர் போடுங்க. கூலன்ட் வேண்டாம், தூளோட சேர்ந்து சேறாகி பெட்டை அரிக்கும். பெட் மேல் துணி விரிச்சு வைங்க.

திருவொற்றியூர் பட்டறை:
நன்றி சார். 55 கேஜ்தான் உட்காருது. லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் தண்டு) அங்குலத்துக்கு 4 மரை. சக் பின்பக்கப் பள்ளத்துக்கு ஸ்பிகாட் (அதில் நுழையும் பிளேட்டின் மேடு) எவ்வளவு டைட்டா வைக்கணும்?

ராயபுரம் டர்னர்:
4-க்கு 8 சரியா வகுபடும், அதனால் ஹாஃப் நட்டை (லீட் ஸ்க்ரூவைப் பிடிக்கும் நட்) எங்கே போட்டாலும் அதே மரையில் விழும். ஆழம் 2.03 மி.மீ. கடைசியில் 0.05 வீதம் எடுத்து, ஆழம் கூட்டாமல் ரெண்டு தடவை ஓட்டுங்க.

அப்புறம் பிளேட்டை மூக்கில் ஏற்றி, முகத்தையும் ஸ்பிகாட்டையும் அதே ஸ்பிண்டிலில் கடையணும். வேறு லேத்தில் கடைஞ்சு கொண்டுவந்து மாட்டினால் இவ்வளவு பாடும் வீண். ஸ்பிகாட் கையால் அழுத்தினால் போகும் அளவு. நீளம் பள்ளத்தைவிட 0.3 குறைவா இருக்கட்டும். அடியில் முட்டினால் வெளிமுகம் உட்காராது.

மணலி ஃபிட்டர்:
சக்கில் போல்ட் துளை பின்பக்கம் மரையோட இருந்தால், முனை கூராக்கின ஸ்டட்டை 2 மி.மீ. வெளியே நீட்டி வச்சு, ஸ்பிகாட்டில் உட்கார வச்சு மரச்சுத்தியால் தட்டுங்க. புள்ளி விழும். எம்10 போல்ட்டுக்கு 11 மி.மீ. துளை போடுங்க. மையம் பிடிப்பது ஸ்பிகாட், போல்ட் இல்லை.

காசிமேடு ஒர்க்‌ஷாப்:
ரெண்டு விஷயம் சேர்க்கிறேன். மரை சக் ஓடும்போது ரிவர்ஸ் போடாதீங்க. வி.எஃப்.டி. (மோட்டார் வேகக் கட்டுப்பாடு) மாட்டியிருந்தால் சடார்னு நிற்கும்படி வைக்காதீங்க. சக் தானே கழன்று விழும், 200 மி.மீ. சக் கால்மேல் விழுந்தால் சாதாரண அடி இல்லை. மாட்டும்போதும் கழற்றும்போதும் பெட் மேல் சக்கைத் தாங்கும் மரத்தொட்டில் வைங்க.

அடுத்தது துரு. நம்ம பக்கம் உப்புக் காற்று. மாசக்கணக்கில் கழற்றாமல் விட்டால் சக் ஒட்டிக்கும். மூக்கைப் பிரஷ்ஷால் துடைச்சு மெல்லிய எண்ணெய் தடவுங்க. கிரீஸ் வேண்டாம், தூளைப் பிடிச்சு வைக்கும். ஒட்டிக்கிட்டால் பேக் கியரைப் பூட்டிட்டு அடிக்காதீங்க, கியர் பல் உடையும், அதுக்கு மாற்று கிடைக்காது. பெட்டுக்கும் ஜாவுக்கும் நடுவில் மரக்கட்டை கொடுத்து, பெல்ட்டைக் கையால் பின்பக்கம் இழுங்க.

ராயபுரம் டர்னர்:
சரியாச் சொன்னீங்க. மாட்டி முடிச்சதும் சக் பாடியின் முகத்தில் டயல் வைங்க. 0.03-க்கு மேல் ஆடினால் உடனே பிளேட்டைத் திரும்பக் கடையப் போகாதீங்க. கழற்றி, தோளில் பிசிறோ தூளோ இருக்கான்னு நகத்தால் தடவிப் பாருங்க. அனேகமா அங்கேதான் இருக்கும். அப்புறம் ஜாவை வெளியே நகர்த்தும்போது, சக் விளிம்பைத் தாண்டி சுமார் 52 மி.மீ. போனால் உங்க பெட்டில் இடிக்கும்.