12ஆம் நாள் வி.டி.ஆர்.எல். ‘நான் ரியாக்டிவ்’: இதை நம்பலாமா?

அல்சூர்_ஏரி:
வணக்கம். பெங்களூரில் வேலை. அதிகம் பழக்கமில்லாத ஒருவருடன் உறவு. வாய்வழி உறவுக்கு ஆணுறை இல்லை. மற்றதற்கு இருந்தது, பாதியில் கிழிந்துவிட்டது. 12ஆம் நாள் பக்கத்து லேபில் வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை) கொடுத்ததில் ‘நான் ரியாக்டிவ்’, அதாவது நெகட்டிவ். இப்போது நான்காவது வாரம். நடுவில் தொண்டைவலிக்காக மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் 500 வாங்கி மூன்று நாள் சாப்பிட்டேன். உடம்பில் புண் எதுவும் தெரியவில்லை. அந்த ரிப்போர்ட் போதுமா? மறுபடி எடுக்க வேண்டுமென்றால் எது, எப்போது? 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

லேப்_மேசை:
ரிப்போர்ட் சரியாகவே இருக்கும், ஆனால் உங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை. 12ஆம் நாள் நெகட்டிவ் சொல்வது பழைய கதையை மட்டும்: இந்த உறவுக்கு முன்பே தொற்று இருந்ததற்கான அடையாளம் ரத்தத்தில் இல்லை என்பதை. பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

கிருமி உள்ளே போய் முதல் புண் வர 10 முதல் 90 நாள் ஆகலாம். சராசரி 21 நாள். புண் வந்த பிறகும் வி.டி.ஆர்.எல்., அதே வகைப் பரிசோதனையான ஆர்.பி.ஆர். இரண்டும் ரியாக்டிவ் (பாசிட்டிவ்) ஆக 1 முதல் 4 வாரம் பிடிக்கும். அதனால்தான் புண் கண்ணெதிரே இருக்கும்போதே ரத்தம் நெகட்டிவ் வருவதுண்டு. உறவு நடந்து 6 வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்துவிடும். 90 நாள் என்பது தாமதமாக வருபவர்களையும் சேர்த்துப் போட்ட எல்லைக்கோடு. ஆக 6 வாரத்தில் ஒன்று, 90 நாள் முடிந்ததும் ஒன்று. 6 மாதம் காத்திருக்க அவசியமில்லை.

எந்தப் பரிசோதனை என்பதற்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். இரண்டும் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடியை நேராகத் தேடுவதில்லை. திசு சிதையும்போது வெளிவரும் கார்டியோலிபின் என்ற கொழுப்புக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகின்றன. டி.பி.எச்.ஏ., சி.எல்.ஐ.ஏ., ரேபிட் கார்டு போன்ற பரிசோதனைகள் சிபிலிஸ் கிருமிக்கே உரியவை. சி.எல்.ஐ.ஏ. மற்றவற்றைவிடச் சற்று முன்னதாகவே பாசிட்டிவ் காட்டும். ஆனால் இந்த வகை ஒருமுறை பாசிட்டிவ் ஆனால், குணமான பிறகும் பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் அப்படியே நிற்கும். ஆகவே ஆர்.பி.ஆரும் சி.எல்.ஐ.ஏ.வும் சேர்த்துக் கொடுங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

இன்னொன்று: சீட்டில் ‘வி.டி.ஆர்.எல்.’ என்று இருந்தாலும் பல லேப்களில் உண்மையில் செய்வது ஆர்.பி.ஆர்.தான். வி.டி.ஆர்.எல்.லுக்கு ஆன்டிஜனை (கார்டியோலிபின் கலந்த பரிசோதனைத் திரவத்தை) அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்க வேண்டும், மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆர்.பி.ஆரில் கார்டின் வட்டத்துக்குள் 50 மைக்ரோலிட்டர் சீரத்தைப் பரப்பி, கரித்துகள் கலந்த ஆன்டிஜன் ஒரு துளி விட்டு, நிமிடத்துக்கு 100 சுற்று வேகத்தில் 8 நிமிடம் சுழற்றினால் போதும். ரியாக்டிவ் என்றால் கரி திட்டுத் திட்டாகத் திரளும். இல்லையென்றால் ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வதால்தான் இங்கே பிழை நுழைகிறது. நேரம் கூடிப்போனாலோ, துளி ஓரத்தில் காய்ந்துபோனாலோ இல்லாத திட்டு தெரியும். வெறுமனே ‘ரியாக்டிவ்’ என்று எழுதித் தந்தால் வாங்கி வராதீர்கள். 1:2, 1:8, 1:32 என்று டைட்டர், அதாவது சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தும் ரியாக்டிவ் வருகிறது என்ற எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இல்லாமல் பின்னால் குணமானதா என்று அளக்க வழியே கிடையாது.

தோல்_ஓ.பி.:
லேப்_மேசை விட்டதை மட்டும் சொல்கிறேன்.

அசித்ரோமைசின் இந்தக் கணக்கைக் குழப்பும். இந்த மருந்துக்கு மசியாத சிபிலிஸ் கிருமி பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதை நம்பிக் ‘குணமாகியிருக்கும்’ என்று விட முடியாது. மசியும் கிருமியாக இருந்தாலும் அரைகுறை டோஸ் அதை அழிக்காமல் அடக்கிவைத்து, புண்ணும் ஆன்டிபாடியும் தள்ளிப்போக வைக்கலாம். உங்களுக்கு 6 வார நெகட்டிவ் போதவே போதாது. 90ஆம் நாள் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

புண் தெரியவில்லை என்றால் எங்கெங்கே பார்த்தீர்கள்? முன்தோலுக்கு உள்ளே, விதைப்பைக்கு அடியில், ஆசனவாயைச் சுற்றி, உதட்டின் உள்பக்கம், நாக்கின் அடியில். வலிக்காது, தொட்டால் விளிம்பு கெட்டியாக இருக்கும், 3 முதல் 6 வாரத்தில் தானே ஆறிவிடும். ஆறியதால் நோய் போனதாக அர்த்தமில்லை. பெண்களுக்குக் கருப்பை வாயில் வந்தால் தெரியவே தெரியாது. புண் ஏதாவது கண்டால் களிம்பு போடாமல் அப்படியே காட்டுங்கள். அதன் நீரை எடுத்து டார்க் கிரவுண்ட் மைக்ராஸ்கோப்பிலோ பி.சி.ஆரிலோ பார்க்கலாம். ரத்தம் நெகட்டிவாக இருக்கும் நாட்களில் அதுதான் கை கொடுக்கும்.

எச்.ஐ.வி.யையும் மறக்க வேண்டாம். தடுப்பு மாத்திரை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியது, அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. பரிசோதனையை உறவு நடந்து 45 நாள் ஆனதும் எடுங்கள்.

அல்சூர்_ஏரி:
இருவருக்கும் நன்றி. தைரியம் வரவழைத்து அவரிடமே கேட்டுவிட்டேன். போன வாரம் அவருக்கு ஆர்.பி.ஆர். 1:32, டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ், கைகால்களில் தடிப்பு இருக்கிறதாம். ஊசி போட்டிருக்கிறார்கள். நான் 90 நாள் வரை காத்திருக்க வேண்டுமா?

தோல்_ஓ.பி.:
வேண்டாம், காத்திருக்காதீர்கள். இது முழுக்க வேறு நிலைமை. தடிப்பு என்றால் இரண்டாம் நிலை. அப்படிப்பட்டவருடன் கடந்த 90 நாளுக்குள் உறவு இருந்தால், உங்கள் ரத்தம் நெகட்டிவாக இருந்தாலும் சிகிச்சை கொடுப்பதுதான் முறை. ‘நெகட்டிவ்தானே, பார்க்கலாம்’ என்று யாராவது திருப்பி அனுப்பினால், துணைவரின் ரிப்போர்ட்டைப் போனில் காட்டிக் கேளுங்கள்.

மருந்து பென்சதைன் பென்சிலின் 24 லட்சம் யூனிட், ஒரே வேளையில், இரண்டு புட்டத்திலும் 12 லட்சமாகப் பிரித்துத் தசையில் போடுவார்கள். ‘பென்சிலின்’ என்று மட்டும் கேட்டால் போதாது. பென்சதைன்தான் வாரக்கணக்கில் ரத்தத்தில் நிற்கும். மற்ற பென்சிலின் ஊசியும் அமாக்சிசிலின் மாத்திரையும் இதற்கு ஈடாகாது. அலர்ஜி உண்டா என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அலர்ஜி என்றால் டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இரு வேளை, 14 நாள். முதல் நாள் காய்ச்சல், உடல்வலி வந்தால் கிருமி சாவதால் வரும் எதிர்வினையாக இருக்கலாம். பெரும்பாலும் 24 மணி நேரத்தில் அடங்கிவிடும்.

ஊசி போடும் அன்றே ரத்தமும் கொடுத்துவிடுங்கள். அதுதான் அடிப்படை டைட்டர். சிகிச்சை முடியும்வரையும் அதற்குப் பின் 7 நாளும் உறவு வேண்டாம்.

சிவாஜிநகரில் பவுரிங், சிட்டி மார்க்கெட் பக்கம் விக்டோரியா, இந்த இரண்டு மருத்துவமனைகளிலும் தோல், பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. அரசு சுரக்ஷா கிளினிக்குகளில் இலவசம். தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097க்குக் கூப்பிட்டும் கேட்கலாம்.

கே.ஆர்.புரம்_வாணி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். தங்கை நான்கு மாதக் கர்ப்பம். ஆர்.பி.ஆர். 1:2 ரியாக்டிவ், டி.பி.எச்.ஏ. நெகட்டிவ். வீட்டில் மாப்பிள்ளையைச் சந்தேகப்படத் தொடங்கிவிட்டார்கள். என்ன செய்வது?

லேப்_மேசை:
வாணி அக்கா, முதலில் வீட்டில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் இப்படி வருவது புதிதல்ல. முன்பு சொன்ன கார்டியோலிபின் ஆன்டிபாடி கர்ப்பத்தில், லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோயில், மலேரியாவில், தொழுநோயில், சில தடுப்பூசிக்குப் பிறகும் வரலாம். அப்போது டைட்டர் பெரும்பாலும் 1:8க்குள்ளேயே நிற்கும், கிருமிக்கே உரிய பரிசோதனை நெகட்டிவாக இருக்கும். தங்கையின் ரிப்போர்ட் அந்தச் சாயலில்தான் இருக்கிறது. ஆனாலும் மிக ஆரம்பத் தொற்றை ஒதுக்கிவிட, 2 முதல் 4 வாரத்தில் ஆர்.பி.ஆரும் சி.எல்.ஐ.ஏ.வும் மறுபடி எடுங்கள், மாப்பிள்ளைக்கும் சேர்த்து. அப்போதும் இதே மாதிரி இருந்தால் சிபிலிஸ் இல்லை. முன்பு கரு கலைந்திருந்தால் ஆன்டிபாஸ்போலிபிட் ஆன்டிபாடி பார்க்கச் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. ஆன்டிபாடி அளவுக்கு மீறி இருந்தால் கரித்துகள் திரளாமல் போய், ‘நான் ரியாக்டிவ்’ போலத் தெரியும். தடிப்பு வரும் இரண்டாம் நிலையில்தான் இது பெரும்பாலும் நடக்கும். தடிப்பு இருந்தும் நெகட்டிவ் என்றால், ‘சீரத்தை டைலூட் செய்து பாருங்கள்’ என்று லேபில் சொன்னால் போதும், வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அல்சூர்_ஏரி, ஊசிக்குப் பிறகு 6ஆம் மாதமும் 12ஆம் மாதமும் ஆர்.பி.ஆர். எடுங்கள். அதே லேப், அதே பரிசோதனை. ஊசி அன்று ரியாக்டிவ் வந்திருந்தால் டைட்டர் இரண்டு படியாவது இறங்க வேண்டும்: 1:16 என்றால் 1:4. 1:16 ஒன்று 1:8 ஆனதும் மகிழவோ, 1:4 ஒன்று 1:8 ஆனதும் பதறவோ தேவையில்லை. ஒரு படி வித்தியாசம் கார்டு படிப்பதிலேயே வரும். இரண்டு படி ஏறினால் மறுதொற்றா என்று பார்க்க வேண்டும். ஊசி போட்டவருக்கும் மறுபடி வரும், உடம்பில் பாதுகாப்பு எதுவும் தங்காது.