நலங்கு மாவு தேய்ச்சா முகமும் கையும் மட்டும் கறுக்குது, முதுகுல ஒண்ணும் ஆகல. ஏன்?

பாலக்கோடு_தக்காளி:
வீட்டு நலங்கு மாவு, மில்லுல குடுத்து அரைச்சது. பாசிப்பயறு அரை கிலோ, கடலைப்பருப்பு கால் கிலோ, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கார்போக அரிசி தலா 50 கிராம், ஆவாரம்பூவும் ரோஜா இதழும் கைப்பிடி கைப்பிடி. காலையில ரெண்டு ஸ்பூன் மாவுல அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குழைச்சு, உடம்பு முழுக்கத் தேய்ச்சுக் குளிக்கிறேன். அப்புறம் மண்டி வேலை, மதியம் வரைக்கும் வெயில்தான்.

தேய்க்கும்போது எரியல. மறுநாள்தான் முகம், கழுத்து, முழங்கைக்குக் கீழ சிவந்து எரியுது, அப்புறம் பழுப்புக் கறையா நிக்குது. முதுகு, வயிறு சுத்தமா இருக்கு. முழங்கை மடிப்புல தடவிப் பார்த்துட்டுத்தான் ஆரம்பிச்சேன், அங்க ஒண்ணும் ஆகல. போர் தண்ணி காரணமா இருக்குமா? மாவு நிறைய மிச்சம் இருக்கு, என்ன பண்ணலாம்?

ஊத்தங்கரை_அக்கா:
உங்களுக்கு முன்னாடி மில்லுல யாராவது மிளகாய் அரைச்சிருப்பாங்கம்மா. நம்ம மாவு போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பிடி அரிசியை ஓட்டி, அதைத் தனியா எடுத்துடச் சொல்லணும்.

நாட்டுமருந்து_பென்னாகரம்:
அக்கா சொல்றது நல்ல பழக்கம்தான், ஆனா இங்க காரணம் அது இல்ல. மிளகாய்னா தேய்ச்ச சில நிமிஷத்துலயே எரியும், முதுகையும் விடாது. போர் தண்ணியும் இல்ல. உப்புத் தண்ணியில சோப்பு நுரைக்காம தோலுல படிஞ்சு, உடம்பு முழுக்க வறண்டு வெள்ளையாப் பொரியும். நம்ம பக்கத்துத் தண்ணியில இருக்கிற ஃபுளோரைடு, குடிச்சா பல்லையும் எலும்பையும் கெடுக்கும், குளிக்கிறதால இப்படிக் கறுக்காது.

வெயில் பட்ட இடம் மட்டும், அதுவும் ஒரு நாள் கழிச்சு. இதுதான் துப்பு. கார்போக அரிசின்னா சோத்து அரிசி இல்ல, ஒரு செடியோட விதை. அதுல சோரலென்ங்கிற பொருள் இருக்கு. அது தோலுல இருக்கும்போது வெயில்ல வர்ற புற ஊதாக் கதிர் பட்டா தோல் வெந்த மாதிரி ஆகும், ஆறும்போது நிறமி கூடிக் கறுக்கும். வெண்புள்ளிக்கு இந்த விதையை வைத்தியத்துல சேர்க்கிறதே நிறம் வரவைக்கத்தான். அதையே சிவப்பழகுக்குன்னு நலங்கு மாவு செட்டுல கட்டிக் குடுக்கிறாங்க, அதான் எனக்கு ஆத்திரமா வருது. விதை கறுப்பா, சின்னதா, ஒரு பக்கம் லேசா வளைஞ்சு இருக்கும், கசக்கும். செட்டு வாங்கினா தட்டுல கொட்டிப் பார்த்து இதைப் பொறுக்கிடுங்க.

எலுமிச்சையிலயும் இதே குடும்பத்துப் பொருள் இருக்கு. சாறைவிடத் தோலுல அதிகம், பிழியும்போது தோல் எண்ணெயும் சேர்ந்து இறங்கும். புளிப்பும் அதிகம், அது நம்ம தோலை வேற அரிக்கும். ஆக, ரெண்டையும் சேர்த்துத் தேய்ச்சுட்டு நேரா வெயில்ல போயிருக்கீங்க.

முழங்கை மடிப்புல ஒண்ணும் ஆகலன்னு சொன்னீங்களே, அந்த இடத்துல வெயில் படாது. ஒவ்வாமை இருக்கான்னு பார்க்க அந்தச் சோதனை போதும், வெயில் சேர்ந்து வர்ற தொல்லை அதுல தெரியவே தெரியாது.

பாலக்கோடு_தக்காளி:
அப்ப ராத்திரியில மட்டும் தேய்ச்சுக்கலாமாங்க? கறைக்கு தக்காளி, உருளைக்கிழங்கு தடவச் சொல்றாங்களே?

நாட்டுமருந்து_பென்னாகரம்:
ராத்திரியும் வேண்டாம். அரைச்சதைப் பிரிக்க முடியாது. தலைக்குப் போட்டாலும் நெத்தியில வழியும், குழந்தைங்களுக்கும் குடுக்காதீங்க. குழி தோண்டி எருவோட போட்டுடுங்க.

கறைமேல தக்காளி, எலுமிச்சை, சமையல் சோடா எதுவும் கூடாது. தோல் கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, சோடா காரம். புண்ணான தோல் இன்னும் வறண்டு எரியும். இப்ப எரியிற இடத்துல பச்சைத் தண்ணியில நனைச்ச துணியைப் போடுங்க. முழுக்கை சட்டை, தலையில துண்டு, வெளிய தெரியிற இடத்துல எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன். வண்டிக் கண்ணாடி இந்தக் கதிரை முழுசாத் தடுக்காது, உள்ள உட்கார்ந்தாலும் போடணும். கறை தானா மங்கும், வாரக் கணக்கு, சிலருக்கு மாசக் கணக்கு ஆகும். கொப்புளம் வந்தா, கண்ணைச் சுத்தி வீங்கினா தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில தோல் டாக்டரைப் பாருங்க. டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை எடுத்தா அதையும் சொல்லுங்க, அதுவும் வெயில்ல எரிய வைக்கும்.

தோல் ஆறின பிறகு கொஞ்சமா அரைச்சுக்கோங்க: பாசிப்பயறு 250 கிராம், பச்சரிசி 50, நிழல்ல காய்ஞ்ச ஆவாரம்பூ 25, பூலாங்கிழங்கு 15, கஸ்தூரி மஞ்சள் 10. ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல் வேண்டாம். பயறு பல்லுல கடிச்சா டக்குனு உடையணும், நசுங்கினா ஈரம் இருக்குன்னு அர்த்தம், சீக்கிரம் வண்டு வச்சிடும்.

ஊத்தங்கரை_அக்கா:
இவ்வளவு கொஞ்சத்துக்கு மில்லு எதுக்கு, மிக்ஸியே போதும். கிழங்கை மட்டும் முதல்ல உரல்ல இடிச்சுக்கோம்மா, முழுசாப் போட்டா பிளேடு போயிடும். விட்டு விட்டு ஓட்டி, மெல்லிசு வேட்டித் துணியில சலிக்கணும். சல்லடையில சலிச்சா நொய் தங்கி முகத்தைக் கீறிடும். சூடு ஆறாம டப்பாவுல போட்டா மூடியில வேர்த்து மாவு கட்டி புடிக்கும், தாம்பாளத்துல பரப்பி நல்லா ஆறவிடு.

நாட்டுமருந்து_பென்னாகரம்:
ஆமா அக்கா. குழைக்கத் தண்ணியே போதும், தோல் வறண்டிருந்தா பால் ரெண்டு ஸ்பூன். முகத்துல காயவிட்டு உரிக்காதீங்க, ஈரம் இருக்கும்போதே ரெண்டு மூணு நிமிஷத்துல கழுவிடுங்க. குளிச்ச ஈரத்தோட கை காலுக்கு நாலு சொட்டு தேங்காய் எண்ணெய். பரு வர்ற முகமா இருந்தா அங்க மட்டும் எண்ணெய் தவிர்த்துடுங்க, துளை அடைக்கும்.

பாலக்கோடு_தக்காளி:
சரிங்கண்ணா. மீதி மாவைக் குழியில போட்டுடுறேன். செட்டு வாங்கின கடையிலயும் கார்போக அரிசியைத் தனியா எடுத்து வைக்கச் சொல்றேன், அதே செட்டைத்தான் பக்கத்து வீட்டுலயும் கல்யாணப் பொண்ணுக்கு வாங்கி வச்சிருக்காங்க.