மைக்ரோசாப்ட் மனியிலிருந்து க்னூகேஷுக்கு: பழைய கணக்கையும் கொண்டுபோவதா?

தலவாக்கலை டீச்சர்:
எங்க வீட்டு வரவு செலவு முழுக்க மைக்ரோசாப்ட் மனியிலதான் இருக்கு. 2010-ல இலவசமா விட்டாங்களே, அந்த 'சன்செட்' பதிப்பு. லேப்டாப் இப்ப தானா நின்னுபோகுது, க்னூகேஷ்ங்கிற இலவசக் கணக்கு மென்பொருளுக்கு மாறலாம்னு இருக்கேன். என் சம்பளம், அம்மாவோட தோட்டச் சம்பளம், பேங்க் லோன், சீட்டு, அடகு நகை எல்லாம் தனித்தனிக் கணக்கு. பழசெல்லாம் போயிருமா? (அம்மாவுக்கு இந்தக் கவலையே இல்ல, அவங்க கொப்பியில சதம் பிசகாது.)

பண்டாரவளை:
போகாது டீச்சர். மனியோட பைலை க்னூகேஷ் நேரா திறக்காது. மனியில இருந்து கியூஐஎப் (QIF) பைலா எடுக்கணும், ரெண்டு மென்பொருளுக்கும் புரியிற வடிவம் அது, கணக்குக்கு ஒன்னு. எல்லாத்தையும் எடுத்துட்டு ஒரே தடவையில ஏத்துங்க. தனித்தனியா ஏத்துனா சேமிப்புல இருந்து லோனுக்குப் போன காசு ரெண்டு தரம் பதிவாகலாம். 3/4ன்னா மார்ச்சா ஏப்ரலான்னு க்னூகேஷ் கேட்டா, பழைய லேப்டாப்புல இருந்த முறையையே குடுங்க.

ஹட்டன் கணக்கர்:
நான் தோட்ட ஆபீஸ்ல கணக்கு பாக்குறவன். என்னைக் கேட்டா பழசைத் தூக்கிட்டுப் போறது வெட்டி வேலை. 2012-ல மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு குடுத்தோம்னு யாரு பாக்கப் போறா? மாசக் கடைசி மீதியை ஆரம்ப மீதியா போட்டுப் புதுசா தொடங்குங்க.

ஆனா க்னூகேஷ் இரட்டைப் பதிவு, காசு எங்கிருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு ரெண்டு கணக்குலயும் விழும், அதுல ஏமாத்த முடியாது. அம்மாவோட தீபாவளி முற்பணத்தை வரவுன்னு எழுதாதீங்க, அது கடன். மாசாமாசம் வெட்டும்போதுதான் குறையும். அதனால சம்பளத்தையும் கைக்கு வந்த தொகையா போடாம முழுசா போட்டு, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி), முற்பணம்னு பிரிச்சு எழுதணும். செக் ரோல்ல, அதான் தோட்டச் சம்பளப் பதிவேட்டுல, நாங்க செய்யிறதும் அதேதான். சீட்டு, எடுக்குற வரைக்கும் கட்டுன காசு சொத்து. எடுத்துட்டா மிச்சத் தவணை கடன்.

தலவாக்கலை டீச்சர்:
அண்ணே, அடகு வச்ச நகையைச் சொத்துல இருந்து எடுத்துரணுமா?

ஹட்டன் கணக்கர்:
ஏன் எடுக்கணும்? நகை உங்களதுதான். வாங்குன காசு கடன், வட்டி செலவு.

பண்டாரவளை:
அண்ணன் சொல்றது சரி, ஆனா லோன் கணக்கை மட்டும் விடாதீங்க. பேங்கோட பேச்சு வந்தா ஒவ்வொரு தவணையும் எந்தத் திகதியில கட்டுனீங்கன்னு காட்டணும்.

தலவாக்கலை டீச்சர்:
அப்ப லோன் மட்டும் கியூஐஎப்பா வருது, மத்ததுக்கு ஆரம்ப மீதி. இன்னைக்கு ராத்திரியே எடுத்துர்றேன், லேப்டாப் அதுவரைக்கும் ஓடுனா.